தீவன மூட்டையும் கூட்டுறவுக் கடமையும்

சங்கத்தின் மூலம் நாம் வாங்கும் பொருள்களில், பார்த்த அளவில் தரம் அறிய முடிந்தவை சில; முடியாதவை சில. நூலை விரலால் முறுக்கிப் பார்த்து நெசவாளர் அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். விதையைக் கையில் அள்ளிப் பார்த்து விவசாயி அதன் முதிர்ச்சியை அறிந்துகொள்வார். ஆனால் கோழிக்கும் மாட்டுக்கும் வாங்கும் கலப்புத் தீவன மூட்டைக்குள் தவிடும் பிண்ணாக்கும் சோளமும் போக வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்பதை எவ்வளவு அநுபவமுள்ளவரும் பார்த்துச் சொல்ல இயலாது. வளர்ச்சிக்கென்று ஆன்டிபயாடிக் மருந்து அதில் கலக்கப்பட்டிருந்தால், ஒரு டன் தீவனத்தில் அது சில கிராம் அளவே இருக்கும். அந்தச் சில கிராம் மருந்தைப் பற்றியும், அதற்குப் பதிலாக விற்பனைக்கு வந்துள்ள புரோபயாடிக் என்னும் நன்மை தரும் நுண்ணுயிர்களைப் பற்றியும் அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டிய சில விஷயங்களை இங்கே கூற விரும்புகிறோம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். தீவனத்தில் வளர்ச்சிக்காக மருந்து கலப்பது அறவே நிற்க வேண்டும். நன்மை தரும் நுண்ணுயிர்கள் அவ்விடத்தில் ஓரளவு துணை செய்யும். ஆனால் ஒரு பொட்டலத்தை எடுத்துவிட்டு மற்றொரு பொட்டலத்தை வைப்பதுபோல இக்காரியம் முடிந்துவிடாது. கொட்டிலும் தண்ணீரும் தீவனமும் வளர்ப்பு முறையும் சேர்ந்து திருந்தினாலன்றிப் புதிய பொட்டலத்தால் பயன் இராது. அந்தத் திருத்தத்தைத் தனி மனிதர் ஒருவர் செய்வது கடினம். சங்கமாகச் சேர்ந்தவர்கள் செய்யலாம். இதற்குச் சான்றாக டென்மார்க், பின்லாந்து ஆகிய இரு சிறிய நாடுகளின் அநுபவத்தை எடுத்துக்கொள்வோம்.

மருந்து தீவனத்துக்குள் நுழைந்த வரலாறு சுருக்கமானது. ஆரியோமைசின் என்னும் மருந்து 1948-ல் அமெரிக்காவிலுள்ள லெடர்லி ஆராய்ச்சிசாலையில் வெளிவந்தது. அங்கே பணியாற்றிய ஸ்டாக்ஸ்டாட், ஜூக்ஸ் ஆகிய விஞ்ஞானிகள், மருந்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அதிலுள்ள பி12 வைட்டமினை நாடியே அச்சோதனை தொடங்கியது. குஞ்சுகளோ வைட்டமினால் எதிர்பார்க்கத்தக்க அளவையும் கடந்து வளர்ந்தன. சக்கையில் தங்கியிருந்த மருந்தே காரணம் என்பது 1950-ல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசாங்கம் தீவனத்தில் மருந்து சேர்க்க அநுமதி அளித்தது. பிற நாடுகளும் அவ்வழியே சென்றன.

நோயுற்ற மாட்டுக்கு மருத்துவர் மருந்து கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நோய்க்குக் கொடுக்கும்போது முழு அளவில் சில நாள் கொடுத்து நிறுத்துகிறோம். வளர்ச்சிக்குக் கொடுக்கும்போது, நோயில்லாத ஆயிரக்கணக்கான கோழிகளுக்குச் சிறுகச் சிறுக வாரக்கணக்கில் கொடுக்கிறோம். அந்தச் சிறிய அளவு, குடலிலுள்ள கிருமிகளுள் வலுவற்றவற்றை அழித்து, மருந்தைத் தாங்கவல்லவற்றை மட்டும் பெருக விடுகிறது. அவ்வாறு பெருகியவை எருவிலும் நீரிலும் இறைச்சியிலும் கலந்து மனிதரை அடைகின்றன. தாங்கும் தன்மையை ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிட வல்லது. பின்னர் அதே மருந்து ஆஸ்பத்திரியில் நம் குழந்தைக்குத் தேவைப்படும்போது வேலை செய்யாமற் போகிறது.

இந்த அபாயத்தை இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட ஸ்வான் கமிட்டி 1969-லேயே எடுத்துரைத்தது. மனிதருக்கு மருந்தாகப் பயன்படும் ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகக் கலக்கலாகாது என்பது அக்கமிட்டியின் சிபாரிசு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்விதியில் ஓர் ஓட்டை இருந்தது. அவோபார்சின் என்னும் மருந்தை மனிதருக்குக் கொடுப்பதில்லை. ஆகவே அதை ஐரோப்பாவில் கோழிக்கும் பன்றிக்கும் தாராளமாகக் கலந்தனர். ஆனால் அது வேன்கோமைசின் என்னும் மருந்துக்கு நெருங்கிய உறவு. வேன்கோமைசினோ வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று. 1994-ல் டென்மார்க்கில் மனிதருக்குப் பயன்பட்ட வேன்கோமைசின் 24 கிலோ. அதே ஆண்டில் கால்நடைத் தீவனத்தில் சேர்ந்த அவோபார்சின் 24,000 கிலோ. நோயாளிக்கு ஒரு கிலோ என்றால் நோயற்ற பிராணிக்கு ஆயிரம் கிலோ! ஒன்றைத் தாங்கப் பழகிய கிருமி மற்றதையும் தாங்கும் என்று தெரிந்தபின், 1995-ல் டென்மார்க் அரசாங்கம் அவோபார்சினைத் தடை செய்தது. அவ்வாண்டிலேயே மருந்தைத் தாங்கும் கிருமிகளை இடைவிடாது கண்காணிக்கும் திட்டம் ஒன்றையும் ஏற்படுத்தியது.

இதற்கப்பால் நடந்ததே நம் கவனத்துக்கு முக்கியமானது. 1998-ல் அந்நாட்டுக் கோழி வளர்ப்போரும் மாடு வளர்ப்போரும் வளர்ச்சிக்கான எல்லா மருந்துகளையும் தாமாகவே கைவிட்டனர். வளர்ந்த பன்றிகளுக்கும் அவ்வாண்டிலேயே நிறுத்தினர். பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்கு 1999 முடிவில் நிறுத்தினர். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான தடை வந்தது 2006 ஜனவரி 1-ந் தேதிதான். அதாவது சட்டம் வந்து கட்டாயப்படுத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வளர்ப்போர் தாமே முடிவு செய்துவிட்டனர்.

அம்முடிவு எளிதில் கைகூடியதற்கு ஒரு காரணம் உண்டு. டென்மார்க் கூட்டுறவுக்குப் பெயர்பெற்ற நாடு. அங்கே முதல் கூட்டுறவுப் பால்பண்ணை 1882-ல் எடிங் என்னும் ஊரில் தோன்றியது. முதல் கூட்டுறவு இறைச்சிசாலை 1887-ல் ஹோர்சன்ஸ் நகரில் தோன்றியது. அக்காலமுதல் பாலையும் இறைச்சியையும் வாங்கிப் பக்குவம் செய்து விற்கும் ஸ்தாபனங்கள் பெரும்பாலும் வளர்ப்போரின் சொந்த உடைமையாகவே இருந்து வந்துள்ளன. வாங்குபவன் ஒருவன், விற்பவன் மற்றொருவன் என்ற நிலை இருந்தால், மருந்தை நிறுத்தினால் வரும் நஷ்டம் யாருடையது என்ற வழக்கு முதலில் எழும். இருவரும் ஒருவரே ஆனால் வழக்குக்கு இடமில்லை. எல்லோரும் ஒரே நாளில் நிறுத்தலாம். நிறுத்தியவன் நிறுத்தாதவனிடம் தோற்றுப்போவான் என்ற அச்சமும் இராது.

பலன் என்ன ஆயிற்று? கோழிகளின் குடலில் வாழும் என்டரோகாக்கஸ் கிருமியின் ஒரு வகையைச் சோதித்ததில், வேன்கோமைசினைத் தாங்கக் கூடியவை 1995-ல் நூற்றுக்கு 70-க்கு மேல் இருந்தன. 2000-ல் நூற்றுக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தன. பன்றிகளிடம் அவ்வளவு விரைவில் குறையவில்லை. டைலோசின் என்னும் மற்றொரு மருந்தை அவற்றுக்குத் தொடர்ந்து கொடுத்ததே காரணம். இரு மருந்துகளையும் தாங்கும் தன்மை அக்கிருமியில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தது. டைலோசினும் நின்ற பிறகே அதுவும் இறங்கிற்று. ஒரு மருந்தை மட்டும் விலக்கி மற்றொன்றை வைத்துக்கொள்வோம் என்பது பயன்படாது என்ற பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

வருமானத்தைப் பொறுத்தவரை, கோழி வளர்ப்போருக்குக் கெடுதல் நேரவில்லை. ஒரு சதுர மீட்டரில் வளர்ந்த கோழியின் எடை குறையவில்லை, சாவும் கூடவில்லை. தீவனம் மட்டும் சிறிதளவு கூடுதலாகச் செலவாயிற்று. அதை மருந்துக்குக் கொடுத்து வந்த பணத்தின் மிச்சம் பெரும்பாலும் ஈடு செய்தது. பன்றிக்குட்டிகள் விஷயத்தில் அப்படி இல்லை. தாயிடமிருந்து பிரித்தவுடன் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. அதைக் குணப்படுத்த மருத்துவர்கள் கொடுத்த மருந்தின் அளவு சில ஆண்டுகள் உயர்ந்தது. துத்தநாக ஆக்ஸைடைத் தீவனத்தில் அதிகம் சேர்த்தும் சமாளித்தனர். மண்ணைக் கெடுப்பதால் அந்த மருத்துவ முறையையும் 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் விலக்க நேர்ந்தது. இத்தனைக்கும் மத்தியில், வளர்ச்சிக்கும் சிகிச்சைக்குமாக அந்நாட்டுப் பிராணிகளுக்குச் சென்ற மருந்தின் மொத்த அளவு 1994-ல் 200 டன்னுக்கு மேல் இருந்தது, 2001-ல் ஏறத்தாழப் பாதியாயிற்று.

கோழிக்குத் தேவைப்படாத மருந்து குட்டிக்கு ஏன் தேவைப்பட்டது? பால்குடியை மிக இளமையில் மறக்கச் செய்து, புதிய தீவனம், புதிய இடம், புதிய கூட்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் அதன்மேல் சுமத்துகிறோம். அந்த வளர்ப்பு முறையின் குறையை இத்தனை காலம் மருந்து மறைத்து வந்தது. திரையை விலக்கியதும் குறை வெளிப்பட்டது. நன்மை தரும் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசும்போது நாம் மறக்கலாகாத உண்மை இது.

இனி அந்நுண்ணுயிர்களைப் பற்றிக் கவனிப்போம். 1971-ல் பின்லாந்திலுள்ள இறைச்சிக் கோழிப் பண்ணைகளில் சால்மொனெல்லா கிருமி பெருமளவில் பரவிற்று. அதை ஆராய்ந்த நுர்மி என்ற விஞ்ஞானி ஒரு கேள்வியை எழுப்பினார். வளர்ந்த கோழியை எளிதில் பற்றாத அக்கிருமி, ஒரு நாள் குஞ்சை மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் பற்றுகிறது? தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சு, தாயோடு மண்ணைக் கிளறித் தாயின் எச்சத்திலுள்ள நுண்ணுயிர்களை முதல் நாளிலேயே பெற்றுவிடுகிறது. பொரிப்பு இயந்திரத்தில் பிறந்த குஞ்சு தாயைக் காண்பதே இல்லை. அதன் குடல் குடியேற்றம் நிகழாத வெற்று நிலம்போல் இருக்கிறது. முதலில் வந்து சேரும் கிருமி எதுவோ அதுவே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆரோக்கியமான கோழியின் குடலிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை நுர்மியும் அவருடைய தோழர் ரண்டாலாவும் குஞ்சுகளுக்கு வாய்வழியே கொடுத்தனர். அவ்வாறு பெற்ற குஞ்சுகளைச் சால்மொனெல்லா பெரும்பாலும் பற்றவில்லை. இம்முடிவு 1973-ல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளியாயிற்று. நல்லவை முன்னதாக இடத்தைப் பிடித்துக்கொண்டால் தீயவைக்கு இடமும் உணவும் கிட்டா என்பதே இதன் சாரம். இன்று கடைகளில் விற்கும் புரோபயாடிக்குகள் பலவற்றுக்கு இதுவும் ஓர் அடிப்படை.

பால் கறப்போருக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை. மடிவீக்கத்துக்கு மருந்து கொடுத்த மாட்டின் பாலில் மறுநாள் உறை ஊற்றினால் அது சரியாகத் தோயாது. உறைமோரிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை மருந்து கொன்றுவிடுவதே காரணம். பால் பாத்திரத்தில் நிகழும் அதே விஷயம்தான், மருந்து கலந்த தீவனத்தை அன்றாடம் தின்னும் பிராணியின் குடலிலும் ஓரளவு நிகழ்கிறது. ஆகவே ஒரே மூட்டையில் மருந்தும் நல்ல நுண்ணுயிரும் சேர்ந்திருக்கின்றன என்று யாரேனும் பெருமையாகச் சொல்லி விற்றால், ஒரு கையால் விதைத்து மறுகையால் பிடுங்குவதற்கு நாம் பணம் கொடுக்கிறோம் என்று கொள்ள வேண்டும்.

இந்நுண்ணுயிர்களுக்கு எல்லைகளும் உண்டு. அவை நோயை வரவொட்டாமல் தடுக்க உதவலாம். வந்த நோயைத் தீர்க்கும் என்று நம்பி மருத்துவரைக் கூப்பிடாமல் இருப்பது தவறு. கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சலும் மாடுகளுக்கு வரும் கோமாரியும் வைரஸால் உண்டாகின்றன. அவற்றுக்குத் தடுப்பூசியே அரண். கோழிக்கு உதவும் இனம் மாட்டுக்கு உதவும் என்பதில்லை. அசைபோடும் பிராணிகளுக்கு ஈஸ்ட் வகைகள் கொடுக்கப்படுகின்றன, கோழிகளுக்கு லாக்டோபாசில்லஸ், பாசில்லஸ் முதலியவை கொடுக்கப்படுகின்றன. இவை உயிருள்ள பொருள்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். லாக்டோபாசில்லஸ் வகைகள் வெப்பத்தைத் தாங்கா. நீராவியில் அழுத்திக் குச்சித் தீவனமாக்கும்போதும், தகரக் கூரையின்கீழ் மாதக்கணக்கில் வைக்கும்போதும் மடிந்துவிடும். பாசில்லஸ் வகைகள் விதைபோன்ற உறைக்குள் ஒடுங்கித் தாங்கிக்கொள்ளும். வீட்டு மோரும் உயிருள்ளதே என்று சிலர் கூறலாம். உண்மை, ஆனால் அதிலுள்ளவை பாலில் வாழப் பழகியவை. கோழியின் குடலில் அவை நிலைத்து வாழும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பல ஆராய்ச்சிகளில் இவற்றால் நற்பயன் கண்டனர். சிலவற்றில் வேறுபாடே காணவில்லை. சுத்தமான தண்ணீரும் உலர்ந்த கூளமும் போதிய இடமும் இல்லாத கொட்டிலில் எந்தத் தூளும் அதிசயம் செய்யாது.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள், நமக்கென்ன என்று கேட்பதற்கில்லை. கொலிஸ்டின் என்பதும் மனிதருக்குக் கடைசி நிலையில் கொடுக்கும் மருந்தே. அதைத் தாங்கும் தன்மையைக் கிருமிக்குக் கிருமி மாற்றவல்ல ஒரு மரபுக்கூறு சீனாவில் பன்றி முதலிய பிராணிகளிடமும் மனிதரிடமும் இருப்பதாக 2015-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 2019 ஜூலையில் இந்திய அரசாங்கமும், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் மீன் வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. சட்டம் வந்துவிட்டது, அதை நிறைவேற்றும் கண்கள் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். சங்கத்தைவிடச் சிறந்த கண் எது?

"ஒரு மாடும் பத்துக் கோழியும் வைத்திருக்கும் எங்களைக் கேட்பானேன்? பெரிய பண்ணைக்காரரைக் கேளுங்கள்" என்று அங்கத்தினர் சிலர் கூறக்கூடும். பெரிய பண்ணைகளின் பொறுப்பு பெரிது என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் சங்கத்தில் ஊற்றும் பால் ஒரே பாத்திரத்தில் சேருகிறது. மருந்து கொடுத்த ஒரு மாட்டின் பால் அதில் விழுந்தால் ஐம்பது பேர் பாலுக்கும் அந்தக் குறை வந்துவிடுகிறது. நெசவாளர் சங்கத்தவர் இதை உடனே உணர்வார்கள். ஊடையில் இழை குறைத்து நெய்த ஒரு புடைவை சங்க முத்திரையோடு கடைக்குப் போனால், கெடுவது நெய்தவர் பெயரன்று, சங்கத்தின் பெயரே. அதனால்தானே நெய்த துணியைப் பெறும்போது இழை எண்ணிப் பார்க்கிறோம்? தறிக்கு வைத்த விதியைக் கொட்டிலுக்கும் வைப்பதில் தவறென்ன?

ஆகவே நிர்வாகக் குழுக்களின் யோசனைக்குச் சில காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, தீவனம் வாங்கும் சங்கங்கள், அதில் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை என்று விற்பவரிடம் எழுத்துமூலம் பெற்றுக்கொள்ள வேண்டும். அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். தனி அங்கத்தினர் கேட்டால் வியாபாரி சிரிப்பார். நூறு மூட்டை வாங்கும் சங்கம் கேட்டால் பதில் சொல்லியே தீருவார்.

இரண்டாவது, நோய்க்கு மருந்து வேண்டுமானால் கால்நடை மருத்துவரின் சீட்டின்மேல் மட்டும் வாங்கி, முழு நாளும் கொடுத்து, மாட்டின் பெயரையும் தேதியையும் ஒரு புத்தகத்தில் குறிக்க வேண்டும். மருந்துப் புட்டியில் குறித்த நாள்வரை அந்த மாட்டின் பாலைச் சங்கத்தில் ஊற்றலாகாது. இங்கேதான் உண்மையான சங்கடம் இருக்கிறது. அன்றாடப் பால் பணத்தில் குடும்பம் நடத்தும் ஏழை அங்கத்தினர், நான்கு நாள் வருமானம் போகுமே என்று மருந்து கொடுத்ததை மறைப்பார். அவரைக் குற்றம் கூறிப் பயனில்லை. உண்மையைச் சொன்னதற்காக அவர் நஷ்டப்படாதபடி, நிறுத்தி வைத்த பாலின் விலையில் ஒரு பகுதியையேனும் பொதுநன்மை நிதி முதலியவற்றிலிருந்து கொடுக்க வழி காண வேண்டும். உண்மைக்கு அபராதம் விதிக்கும் சங்கத்தில் பொய்யே வளரும்.

மூன்றாவது, புரோபயாடிக் தூளை எல்லோருக்கும் வாங்குமுன், இரண்டு மூன்று அங்கத்தினர் கொட்டில்களில் பாதிக் கோழிகளுக்குக் கொடுத்தும் பாதிக்குக் கொடாமலும் எடையையும் சாவையும் குறித்துப் பார்க்க வேண்டும். பொட்டலத்தின்மேல் நுண்ணுயிரின் இனம், எண்ணிக்கை, காலாவதித் தேதி, வைக்க வேண்டிய வெப்பநிலை ஆகியவை இல்லையென்றால் அதை வாங்க வேண்டுவதில்லை. கால்நடை மருத்துவரும் அக்கணக்கைப் பார்த்து அபிப்பிராயம் கூற வேண்டும்.

நான்காவது, தடுப்பூசியும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுதலும் கூளத்தை மாற்றுதலும் சங்க நாட்காட்டியில் தேதியோடு இடம்பெற வேண்டும். இவற்றுக்கு விளம்பரம் செய்பவர் இல்லாததால் இவை மறக்கப்படுகின்றன. மருந்தில்லாத வளர்ப்பின் பெரும்பகுதி இவையே.

மருந்து என்பது ஊர்ப் பொதுக்குளம் போன்றது. அவரவர் வயலுக்கு ஒரு மடை வெட்டிக்கொண்டால் அன்றைக்கு இலாபம். கோடையில் குடிக்க நீர் இராது. குளத்தைக் காக்க முறைவைத்து நீர்விடும் வழக்கத்தை நம் முன்னோர் தனித்தனியே கண்டுபிடிக்கவில்லை. கூடி முடிவு செய்தனர். அடுத்த மகாசபையில் வரவு செலவும் தேர்தலும் முடிந்தபின், தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியை ஓர் அங்கத்தினராவது எழுந்து கேட்பாராக. பதில் சொல்லும் கடமை சங்கத்தினுடையது.